சும்மா இருந்த சர்வர், காத்திருந்த பம்பு

எங்கள் ஊர் லாயாங் லாயாங்கிலிருந்து கூலாய் பக்கம் போகும் வழியில், செம்பனை மரங்கள் நின்ற இடங்களில் இப்போது ஜன்னல் இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. டேட்டா சென்டர் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் காப்பி குடித்துக்கொண்டு நிற்கும்போது யாராவது ஒருவர் என்னிடம் கேட்டுவிடுகிறார்.

"செலின், அந்தக் கட்டடத்துக்குள்ள என்னதான்லா நடக்குது? ஆளே இல்லையாமே."

வேலைக்காலம் முழுவதும் கம்ப்யூட்டர்களோடு இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். "ஒரே மிஷின்ல ஆயிரம் வேலை பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கு. ஒண்ணு இன்னொண்ணோட பங்கப் பிடுங்காமப் பாத்துக்கணும். அதுதான் நடக்குது" என்பேன். அவர்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இன்னொரு கறிபாப் பலகாரத்தை எடுத்துக்கொள்வார்கள்.

இந்தப் பங்கு பார்க்கும் வேலையைப் பற்றி எழுதித் தரும்படி என் பழைய இலாகாவில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அது திரையில் நிரப்பும் இரண்டு கட்டங்கள்: மெமரி எவ்வளவு, சி.பி.யு. எவ்வளவு. அந்த இரண்டு கட்டங்களால் ஒரு பெண்ணின் வேலை போகவிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதை எழுதுவதென்றால் அதற்கு முன் நடந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் அப்பாவுக்கு ரயில் பாதை பராமரிப்பில் வேலை. லாயாங் லாயாங்கில் படித்து, குளுவாங்கில் தட்டச்சும் கம்ப்யூட்டரும் கற்று, பத்து பாகாட் நகரில் ஒரு பின்னல் துணி ஆலையில் எண்களைத் தட்டிப் பதிவு செய்யும் பெண்ணாகச் சேர்ந்தேன். அங்கிருந்த யூனிக்ஸ் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போனார். மேசையில் விட்டுப் போன கையேடுகளை நான் படிக்க ஆரம்பித்தேன். பிறகு மாலை வகுப்பில் டிப்ளோமா. ஒருநாள் என் நாற்காலியைத் தூக்கி சர்வர் அறைக்குள் போட்டார்கள். அவ்வளவுதான் என் பயிற்சி.

நாற்காலியைப் போடச் சொன்னவர் கம்ப்யூட்டர் இலாகாத் தலைவர் என்சிக் ஹாஷிம். என்சிக் என்றால் மலாயில் திரு. ஒல்லியான மனிதர். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் போடாமல் ஒருநாளும் வந்ததில்லை. அடுத்தவர் நாற்காலியில் உட்கார மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நமக்குப் பின்னால் நிற்பார். நாங்கள் பேசிக்கொண்டது மலாயும் இங்கிலீஷும் கலந்த பேச்சு. இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும் மிஷினில் எதை மாற்றுவதானாலும் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில், இப்போது என்ன இருக்கிறதோ அதைத் திரையிலிருந்து சத்தமாக வாசிக்க வேண்டும். பிறகு மாற்றும் கட்டளையைத் தட்டலாம். ஆனால் என்டரைத் தொடக் கூடாது. தட்டியதை எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டும். அடுத்து, இது தவறாகப் போனால் எப்படித் திருப்புவது என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, கெண்டூரி விருந்தில் வந்தவரைச் சாப்பிட அழைப்பதுபோல வலது கையை லேசாக நீட்டி, "சிலாகான்" என்பார். ஆகட்டும் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் என்டர்.

புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் முதல் மாதம் சிரித்தேன். ஒருநாள் மிஷினின் பெயரைச் சத்தமாக வாசித்தபோதுதான், பக்கத்து மிஷினை நிறுத்தப் போகிறேன் என்பது என் காதிலேயே விழுந்தது. நான் அழித்துவிட்டு மறுபடி தட்டும்வரை அவர் பின்னால் நின்றார். அன்றைக்கு நின்றது என் சிரிப்பு.

அந்தக் காலத்தில் ஆலையின் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிக் கம்ப்யூட்டர். பிறகு நிர்வாகம் பெரிய சர்வர் ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் அதில் ஏற்றியது. சாயக் கூடத்தின் கலவைக் குறிப்புகள், கிடங்கின் இருப்பு, விற்பனை, சம்பளம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். சில மாதம் நன்றாக ஓடியது. ஒரு மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு தன் செலவு அறிக்கையை ஓட்டியது. அந்த நிரல் மெமரி கேட்டது, மேலும் கேட்டது, கேட்டுக்கொண்டே இருந்தது. மெமரி தீர்ந்துபோனால் கெர்னல், அதாவது எல்லா நிரல்களுக்கும் மேலே இருந்து மிஷினை ஆளும் பகுதி, பொதுவாக மெமரியை அதிகமாக வைத்திருக்கும் நிரல் எதுவென்று பார்த்து அதைக் கொன்றுவிடும். அன்று அதிகமாக வைத்திருந்தது அறிக்கை அல்ல. சாயக் குறிப்புகளின் தரவுத்தளம். கேட்டவன் தப்பித்தான், பேசாமல் வேலை செய்துகொண்டிருந்தவன் செத்தான். சாயக் கூடத்து மிஷின்கள் அடுத்த கட்டளை வராமல் அப்படியே நின்றன.

சர்வரை விற்றவர்கள் இன்னும் மெமரி வாங்கச் சொன்னார்கள். உற்பத்தி மேலாளர் மிஸ்டர் சோங் எங்கள் அறைக்கே வந்து சத்தம் போட்டார். அவர் போன பிறகு என்சிக் ஹாஷிம் என்னிடம் சொன்னார்: "கெர்னல் மேல கோபப்பட்டு என்ன செய்ய, செலின்? யார் முக்கியம்னு நாம அதுக்கு ஒருநாளும் சொன்னதில்லையே."

சொல்வதற்கு ஒரு வழி இருந்தது. கண்ட்ரோல் குரூப் என்று பெயர். அந்தச் சர்வரில் ஓடிய லினக்ஸில் நிரல்களைக் குழு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இவ்வளவு மெமரி, சி.பி.யு.வில் இவ்வளவு பங்கு, டிஸ்க்கில் இவ்வளவு என்று வரையறுக்கலாம். அதைப் படித்தபோது எனக்குப் பிடித்துப்போனது அதன் எளிமைதான். ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு கோப்புறையை உண்டாக்கினால் அதுவே ஒரு குழு. உண்டாக்கிய உடனேயே அதற்குள் சின்னச் சின்னக் கோப்புகள் தாமாகவே முளைத்து நிற்கும். ஒன்றில் நிரலின் எண்ணை எழுதினால் நிரல் அந்தக் குழுவுக்குள் வந்துவிடும். இன்னொன்றில் ஓர் அளவை எழுதினால் அதுதான் அந்தக் குழுவின் எல்லை. எல்லையைத் தாண்டி மெமரி கேட்டு, கெர்னலால் அதற்குள்ளிருந்து எதையும் மீட்க முடியாமல் போனால், அந்தக் குழுவுக்குள் இருப்பவர்தான் சாவார். அடுத்த வீட்டுக்காரர் அல்ல.

நம்புவதற்கு முன் சோதிக்க வேண்டும் என்றார் என்சிக் ஹாஷிம். மெமரி கேட்பதைத் தவிர வேறொன்றும் செய்யாத ஒரு சின்ன நிரலை எழுதினேன். அதற்கென்று ஒரு குழு, சிறிய எல்லை. சாயக் கூடத்தில் மிஷின்களைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு மதிய நேரத்தில், வழக்கம்போல எல்லாவற்றையும் வாசித்து, "சிலாகான்" வாங்கிக்கொண்டு ஓட்டினேன். அது தின்றது, எல்லையைத் தொட்டது, செத்தது. பக்கத்தில் தரவுத்தளம் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கேட்டது. என் கை அதே நேரத்தில் தன்னால் சிலுவை போட்டுக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

யாருக்கு எவ்வளவு என்பதுதான் அதைவிடக் கடினமாக இருந்தது. பிரிவுத் தலைவர்களைக் கூட்டி உட்கார்ந்தோம். ஒவ்வொருவரும் தன் நிரல்தான் முக்கியம் என்றார். விற்பனைத் தலைவர் இதைப் பற்றி மேலிடத்தில் பேசப் போவதாகச் சொன்னார். என்சிக் ஹாஷிம் எல்லோரையும் பேசவிட்டுவிட்டு, மேசையைச் சுற்றி ஒரே கேள்வியைக் கேட்டார்.

"உங்க நிரல் கால் மணி நேரம் நின்னா என்ன கெட்டுப்போகும்?"

வாடிக்கையாளர் கோபப்படுவார் என்றார் விற்பனைத் தலைவர். அறிக்கை தாமதமாகும் என்றார் கணக்குத் தலைவர். மிஸ்டர் சோங்கின் முறை வந்தது. "துணி கெட்டுப்போகும். அதத் திருப்பி வெள்ளையாக்க முடியாது."

அதோடு கூட்டம் முடிந்தது. சாயக் கூடத்தின் மெமரியை யாரும் தொட முடியாதபடி ஒதுக்கினோம். அறிக்கைகளுக்கு மெமரியில் உச்சவரம்பு வைத்தோம். சி.பி.யு.வை மட்டும் எடை போட்டுப் பிரித்தோம். எடை என்பது வேறு, வரம்பு என்பது வேறு. பின்னால் வரப்போகிற கதைக்கு இது வேண்டும். எடை வைத்தால், பலர் ஒரே நேரத்தில் சி.பி.யு. கேட்கும்போதுதான் அது பேசும்: எடை கூடியவருக்குக் கூடுதல் பங்கு. வேறு யாரும் கேட்காதபோது ஒருவரே முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம். வரம்பு அப்படியல்ல. மிஷின் முழுக்கக் காலியாகக் கிடந்தாலும் வரம்புக்கு மேல் கிடையாது.

அடுத்து வந்த வருடங்கள் அமைதியானவை. மாதக் கடைசி வரும், அறிக்கை ஓடும், சில சமயம் எல்லையைத் தொட்டுச் சாகும், கணக்குப் பிரிவு அதைப் பாதி பாதியாக ஓட்டக் கற்றுக்கொண்டது. சாயக் கூடத்திலிருந்து எங்களுக்குத் தொலைபேசி வருவதே நின்றுபோனது.

பிறகு ஆலை சாயக் கூடத்தை விரிவாக்கியது. புதிய மிஷின்கள், புதிய கட்டுப்பாட்டு மென்பொருள். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு குழு அதை அமைத்தது. அதன் தலைவர் ஜெரமி என்ற இளைஞர். நல்ல பையன், வேலையில் சுத்தம். அவர்கள் வழக்கப்படி சர்வரையும் புதிதாக அமைத்து, ஒவ்வொரு குழுவுக்கும் சி.பி.யு.வில் வரம்பு வைத்தார்கள். வேறு யாரும் கேட்காதபோது எதற்கு வரம்பு என்று என்சிக் ஹாஷிம் கேட்டார். எங்கள் எல்லா இடத்திலும் இதுதான் முறை, ஒருவர் எல்லை மீறினால் மற்றவருக்குப் பாதிப்பு வராது என்றார் ஜெரமி. நிர்வாகம் அவர் பக்கம் நின்றது. முன்பு ஓர் அறிக்கையால் சாயக் கூடமே நின்றதை யாரும் மறக்கவில்லை.

சில வாரங்களில் கருநீலத் துணியில் வெளிறிய திட்டுகள் வர ஆரம்பித்தன. எல்லாத் துணியிலும் இல்லை. சரஸ்வதி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு மிஷின்களில்தான் மோசம்.

சரஸ்வதி ஆயர் ஈத்தாம் பக்கத்திலிருந்து ஆலை பஸ்ஸில் வருபவள். தாத்தா காலத்தில் எஸ்டேட், அவள் காலத்தில் ஃபேக்டரி. அவளை கேன்டீனில் பார்த்து நாலு வார்த்தை பேசுவேன், அவ்வளவுதான் பழக்கம். ஒரு காலை அவள் சர்வர் அறை வாசலில் வந்து நின்றாள். ரப்பர் பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்திருந்தாள். கைவிரல்களின் ஓரமெல்லாம் நீலம்.

"செலின்கா, உள்ளுக்கு வரலாமா?"

"வா வா. ஏன் அங்கயே நிக்கிற?"

உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமாக்கா?"

"ஏன் கேக்குற?"

"மிஸ்டர் சோங் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காரு. அடுத்த வாரம். நான் சும்மா நின்னு பேசிட்டு இருந்துட்டு, கடைசியில நேரமாச்சுன்னு கைவால்வத் திறந்து சோடாவ ஒரேயடியா விட்டுட்டேனாம். கம்ப்யூட்டர்ல அப்படித்தான் காட்டுதாம், கொஞ்ச நேரம் ஒண்ணும் போகல, பிறகு மொத்தமாப் போயிருக்கு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்கிறாரு." நிறுத்தி மூச்சு விட்டாள். "நான் அந்த வால்வத் தொடவே இல்லக்கா."

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க சோடாக் கரைசல் வேண்டும். அதை ஒரு பம்பு மெதுவாக, ஒரே சீராக மிஷினுக்குள் செலுத்த வேண்டும். சீராகப் போனால் நிறம் சீராகப் பிடிக்கும். மொத்தமாகப் போய் விழுந்தால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். எவ்வளவு செலுத்துவது என்று பம்புக்கு நொடிக்கு நொடி சொல்வது எங்கள் சர்வரில் ஓடும் நிரல்.

"சரி, பம்பு எப்படி ஓடுச்சு? பாத்தியா?"

"பாத்தேன். நிக்கும். நிக்கும்... ஐயோ நின்னே போச்சோன்னு இருக்கும். பிறகு மடக்குமடக்குன்னு குடிக்கும்."

"எப்பவுமா?"

அவள் யோசித்தாள். "இல்லக்கா. என் மிஷின் மட்டும் ஓடுனா ஒண்ணும் இல்ல. காலையில எல்லாரும் சேந்து ஸ்டார்ட் பண்ணுற அன்னைக்குத்தான்."

"யார்ட்டயாவது சொன்னியா?"

"சொன்னேனே. மிஸ்டர் சோங் அந்த ஜெரமியக் கேட்டாரு. அவரு சர்வர் சும்மாதான் இருக்குன்னு படம் காட்டினாரு."

அந்தப் படத்தை நானும் பார்த்திருந்தேன். சாயக் கூடத்தின் குழு சி.பி.யு.வை எவ்வளவு பயன்படுத்துகிறது என்ற வரைகோடு. தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. பார்த்தவர் யாரும் சர்வரைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

அவள் போன பிறகு அந்த வரைகோட்டை மறுபடி திறந்தேன். எனக்கு உறுத்தியது அவள் சொன்ன ஒரு சொல்: சேர்ந்து. வரைகோடு சில நிமிடங்களின் சராசரி. பம்புக்குத் தேவைப்படுவதோ இந்த நொடி. அதனால் வரைகோட்டை விட்டுவிட்டு, அந்தக் குழு தன் வரம்பில் முட்டி எத்தனை முறை நிறுத்தி வைக்கப்பட்டது என்பதைக் கெர்னலிடமே கேட்டேன். அதற்கு ஓர் எண்ணி உண்டு. அதைத் திரையில் ஓடவிட்டுக் காத்திருந்தேன். மறுநாள் காலையில் சாயக் கூடத்தின் எல்லா மிஷின்களும் ஒன்றாக சோடாக் கட்டத்துக்கு வந்தபோது, அந்த எண் பெட்ரோல் நிலையத்து மீட்டர்போல ஏறியது.

வரம்பு வேலை செய்யும் விதம் இது. ஒரு நொடியைப் பத்துத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் இந்தக் குழு இவ்வளவு நேரம் சி.பி.யு.வை வைத்துக்கொள்ளலாம் என்று கெர்னல் கணக்கு வைக்கிறது. பங்கு தீர்ந்தால் அடுத்த துண்டு பிறக்கும்வரை காத்திருக்க வேண்டும். புதிய மென்பொருள் ஒவ்வொரு சாய மிஷினுக்கும் ஓர் இழை, அதாவது நிரலுக்குள் தனியே ஓடும் ஒரு கிளை, வைத்திருந்தது. ஒரு மிஷின் மட்டும் ஓடினால் பங்கு தாராளம். எல்லா இழைகளும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டால் பங்கு கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்ந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் காத்திருப்பு. வேலை சேர்ந்துகொண்டே போகும், பம்புக்குக் கட்டளை தாமதமாகும். தாமதமான அளவையெல்லாம் சேர்த்து நிரல் ஒரேயடியாகச் செலுத்தச் சொல்லும். சரஸ்வதியின் மிஷின்கள்தான் ஆலையிலேயே பெரியவை, அதிகச் சோடா குடிப்பவை. அதனால் அங்கேதான் கேடு கண்ணுக்குத் தெரிந்தது. காத்திருக்கும் நிரல் சி.பி.யு.வைப் பயன்படுத்துவதில்லை. அதனால் வரைகோட்டில் அது சும்மா இருப்பதாகவே தெரியும்.

என்சிக் ஹாஷிமிடம் இதைச் சொன்னேன். வழக்கம்போல நின்றுகொண்டே கேட்டார்.

"எனக்குப் புரியுது. இத சோங்கிட்ட இப்படியே சொன்னா?"

"நம்ம இலாகா அந்தப் பொண்ணக் காப்பாத்தக் கத கட்டுதும்பாரு."

"அப்ப அவரு கண்ணால பாக்கணும். ஒரே துணி, ஒரே சாயம், அதே மிஷின், அதே ஆள். வரம்போட ஒரு தரம், வரம்பு இல்லாம ஒரு தரம்."

மிஸ்டர் சோங் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. துணி வீண், நேரம் வீண் என்றார். "விசாரணையில அந்தப் பொண்ணு தப்புன்னு முடிவாயிட்டு, அப்புறமும் திட்டு வந்தா, அது எவ்வளவு வீண்?" என்று என்சிக் ஹாஷிம் மெதுவாகக் கேட்டார். மிஸ்டர் சோங் முகத்தைத் தடவிக்கொண்டார். பிறகு, மறுநாள் காலை என்றார். ஜெரமிக்கும் தொலைபேசியில் சொன்னோம். வரம்பை எடுத்தால் மற்ற நிரல்கள் பட்டினி கிடக்கும் என்று பயந்தார். வரம்பு இருந்த இடத்தில் பழைய எடையை வைப்பேன், எல்லோரும் கேட்டால் எல்லோருக்கும் பங்கு உண்டு என்று விளக்கினேன். தானும் வந்து பார்ப்பதாகச் சொல்லி, விடியலில் சிங்கப்பூர்ப் பாலம் கடந்து வந்துவிட்டார்.

அந்தக் காலையை நான் சர்வர் அறையில் கழித்தேன். என்சிக் ஹாஷிம் கைத்தொலைபேசியோடு சாயக் கூடத்தில். எல்லா மிஷின்களையும் ஒன்றாக ஓட்டச் சொல்லியிருந்தோம். சரஸ்வதியின் மிஷினுக்குப் பக்கத்தில் மிஸ்டர் சோங் நிற்கிறார், ஜெரமி நிற்கிறார், சரஸ்வதி வால்விலிருந்து தள்ளி, இரண்டு கையும் தெரிய நிற்கிறாள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் தெரிய என்றது எனக்கு என்னமோபோல் இருந்தது.

சோடாக் கட்டம் வந்தது. என் திரையில் எண் ஏறத் தொடங்கியது.

"நின்னுருச்சு" என்றார் என்சிக் ஹாஷிம். மிஷின்களின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் தூரத்தில் கேட்டது. பிறகு, "இப்ப குடிக்குது. சோங் பாத்துட்டாரு. பம்புக்குக் கிட்டக் குனிஞ்சு பாக்குறாரு."

துணி வெளியே வந்து, கழுவி, மிஷினை மறுபடி தயார் செய்ய மதியம் தாண்டிவிட்டது. இரண்டாவது ஓட்டம். எல்லோரும் அதே இடத்தில். நான் இருக்கும் வரம்பைச் சத்தமாக வாசித்தேன். புதிய கட்டளையைத் தட்டி, எழுத்தெழுத்தாக வாசித்தேன். பழைய எடையை முன்பே வைத்திருந்தேன்; வரம்பின் எண் இருந்த இடத்தில் இப்போது ஒரே சொல். உன்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்று அர்த்தம். தவறாகப் போனால் பழைய எண்ணை எப்படித் திருப்பி எழுதுவேன் என்றும் சொன்னேன். தொலைபேசியில் இரைச்சல் மட்டும். அவருக்குக் கேட்டதோ இல்லையோ என்று நான் மறுபடி வாய் திறந்தபோது, "சிலாகான், செலின்" என்றார். அவர் கையை நீட்டியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

என்டரை அழுத்தினேன்.

மிஷின்கள் ஒவ்வொன்றாக சோடாக் கட்டத்துக்கு வந்தன. திரையில் எண் அசையவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பம்பு எப்படி என்று கேட்கப் பயமாக இருந்தது. அவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன். வெகு நேரத்துக்குப் பிறகு அவர் சொன்னது பம்பைப் பற்றி அல்ல.

"செலின், சரஸ்வதி அழறா. நீ ஒருதரம் கீழ வா."

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிஷினின் கண்ணாடி வழியே துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பம்பு சீராகத் துடித்தது. நான் அவள் பக்கத்தில் நின்றேன்.

சாயங்காலம் இரண்டு துணிகளையும் நிறம் பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்கள். ஒன்றில் மேகம்போலத் திட்டுகள். மற்றது கரைவரை ஒரே கருநீலம். ஜெரமிதான் முதலில் பேசினார். "எங்கள் இடத்தில் ஒரு மிஷினைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வார்கள். அங்கே இந்த வரம்பு நியாயம். இங்கே அது பொருந்தாதென்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது" என்று மிஸ்டர் சோங்கைப் பார்த்து நேராகச் சொன்னார். அதற்கு அவருக்குத் தைரியம் வேண்டியிருந்திருக்கும். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

மிஸ்டர் சோங் மன்னிப்புக் கேட்கும் ஆள் இல்லை. திட்டு விழுந்த துணியை மடித்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "சரஸ், நாளைக்கு ஏற்றுமதித் துணி வருது. நீதான் ஓட்டணும்" என்றார். அவள் தலையாட்டினாள். விசாரணை நடக்கவில்லை. அதைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தை பேசவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து துணியில் ஏதாவது கோளாறு என்றால், முதலில் ஆளைக் கூப்பிடாமல் மிஷினுக்குப் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நிற்பார் என்று கேள்விப்பட்டேன்.

அந்த வாரம் கேன்டீனில் சரஸ்வதி தன் தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, மேல உக்காந்து அப்படி என்னதான் செஞ்சீங்க?"

"ஒரு நம்பர எடுத்துட்டு ஒரு சொல்ல எழுதினேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். "பிறகு ஏன்க்கா இத்தன நாள் யாரும் செய்யல?"

"சர்வர் சும்மாதான் இருக்குன்னு எல்லாரும் நெனச்சிட்டாங்க. அது சும்மா இல்ல, காத்துக்கிட்டு இருந்துச்சு. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்."

"என்னையும் அப்படித்தானே சொன்னாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஊறுகாயை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.

என்சிக் ஹாஷிம் எனக்கு முன்பே ஓய்வு பெற்று மூவார் பக்கம் போய்விட்டார். ஹரி ராயாப் பெருநாளுக்கு நான் போவேன். கிறிஸ்மஸுக்கு அவர் குடும்பத்தோடு வருவார். கம்ப்யூட்டர் பேச்சே எடுக்க மாட்டார். அவருக்கு இப்போது டுரியான் மரங்கள். அவர் இடத்தில் சில வருடம் நான் இருந்தேன். ஜெரமி தன் நிறுவனத்தின் அமைப்புமுறையில் எடையையும் வரம்பையும் தனித்தனியாகப் பிரித்து எழுதி எனக்கு அனுப்பிவைத்தார். சரி பார்க்கச் சொன்னார். ஒரு திருத்தம் சொன்னேன், ஏற்றுக்கொண்டார். என் வேலையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. பெரிய ஆட்களின் பேச்சில் என் பெயர் வந்ததில்லை. நான் பிரித்துக் கொடுத்த பங்குகளில் யாரும் பட்டினி கிடக்கவில்லை.

கடைசி நாளில் எனக்கு ஒப்படைக்க ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் அதற்கு முந்திய வாரமே பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டி முடித்திருந்தேன். கேக் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் சாயக் கூடத்து வழியாக நடந்தேன். எல்லா மிஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. சரஸ்வதி இப்போது அந்த வரிசை முழுவதற்கும் பொறுப்பாளர். புதிதாக வந்த இரண்டு நேப்பாளிப் பெண்களுக்கு மலாயில் என்னமோ விளக்கிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்தாள். இரைச்சலில் பேச முடியாது. என்ன வேண்டும் என்று கையால் கேட்டாள். ஒன்றும் இல்லை, சும்மா பார்க்கிறேன் என்று கையாலேயே சொன்னேன்.

அவள் வந்து என் தோளைப் பிடித்து, தண்ணீர் தேங்காத ஓர் இடமாகப் பார்த்து என்னை நிறுத்தினாள். பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். பம்புகள் துடித்துக்கொண்டிருந்தன. அவள் அவற்றை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் வரும்வரை நான் அங்கேயே நின்றேன்.